பாரக்குதிரை: குட்டியை விற்பதா, பாலைக் கறப்பதா?

டிராக்டர் வந்த பிறகும் பிரான்சின் ஒன்பது பாரக்குதிரை (கனமான சுமை இழுக்கும் பெரிய குதிரை) இனங்கள் மிச்சமிருப்பதற்குப் பெரிய காரணம் கசாப்புக்கடைதான். கேட்க நன்றாக இருக்காது, ஆனால் நடந்தது அதுதான். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஏர் உழவும் வண்டி இழுக்கவும் குதிரை தேவைப்படவில்லை. 700 கிலோ பெட்டைக் குதிரைக்குச் சும்மா தீனி போட விவசாயிக்கு மனசு இருந்தாலும் காசு இல்லை. கறிக்கு விலை இருந்ததால் வைத்துக்கொண்டார்கள். பெர்ஷெரோன், பிரெத்தோன், ஆர்தென், கோந்த்வா என எல்லா இனத்துக்கும் கதை ஏறக்குறைய இதுவே.

இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது: பால். பனிக்கட்டியாக உறையவைத்த பால், பொடி, சோப்பு, தோல் களிம்பு என்று குதிரைப்பாலுக்குச் சின்னதாக ஒரு சந்தை ஐரோப்பாவில் உண்டு. பிரான்சின் கிழக்கில், ஜூரா மலைப்பக்கம் எங்கள் வீட்டில் ஆறு கோந்த்வா பெட்டைகள் நிற்கின்றன. புதுச்சேரியிலிருந்து நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவற்றைப் பார்த்துக்கொண்டவர் மாமனார். அவருக்கு முழங்கால் முடியாமல் போய்ப் பொறுப்பு எங்கள் கைக்கு வந்ததும், கறிக்குட்டியிலேயே தொடர்வதா, கறவைக்கு மாறுவதா என்று நானும் கணவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். குட்டி பக்கமே நின்றுவிட்டோம். என் சாய்வு இப்போதே தெரிந்துவிட்டது, அதை மறைக்கப்போவதில்லை. கறவை பற்றிச் சொல்வதெல்லாம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் அதைச் செய்யும் தோழிக்குக் கோடையில் கைகொடுத்துப் பார்த்தது. சொந்தமாக ஒரு பருவம் நடத்திப் பார்த்தவள் இல்லை நான், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் பொதுவானதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சினை சுமார் 11 மாதம், ஒரு பெட்டைக்கு ஆண்டுக்கு ஒரு குட்டி கிடைத்தால் நல்ல ஆண்டு. இரட்டை என்று ஸ்கேனில் தெரிந்தால் கொண்டாட்டம் இல்லை, கவலைதான். குளம்பு சீவுவது, குடற்புழு மருந்து, அடையாளச் சிப், கடவுச்சீட்டு எல்லாம் எந்த வழிக்குப் போனாலும் உண்டு. ஆம், ஐரோப்பாவில் குதிரைக்குக் கடவுச்சீட்டு உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் பிறகு.

குட்டி வழி எப்படிப் போகிறது? வசந்தத்தில் ஈற்று. முதல் இரண்டு நாள் கண்விழிப்பு, குட்டி எழுந்து சீம்பால் குடித்ததா என்று பார்த்துவிட்டால் அப்புறம் பெரும்பாலும் தாய் பார்த்துக்கொள்ளும். எங்கள் பக்கம் கோந்தே பாலாடைக்கட்டியின் ஊர், மோன்பெலியார் மாடுகள்தான் எல்லாப் பண்ணையிலும் முதல் வருமானம். மாடு தன் சாணத்தைச் சுற்றி வளரும் புல்லைத் தொடாது, மேய்ச்சல் முழுக்கத் திட்டுத்திட்டாக விட்டுவிடும். அந்தத் திட்டுகளைக் குதிரை மொட்டையடித்துவிடுகிறது. மாட்டைப் பிடிக்கும் வயிற்றுப்புழுக்களில் பெரும்பாலானவை குதிரையிடம் பிழைக்காது, குதிரையினுடையவை மாட்டிடம் பிழைக்காது. அதனால் இரண்டையும் மாற்றி மேய்த்தால் நிலம் சுத்தமாகிறது. இயந்திரம் வைத்து வெட்டவேண்டிய வேலையைப் பெட்டைகள் சும்மா செய்துகொடுக்கின்றன. கணக்குப் புத்தகத்தில் இது வராது, ஆனால் எங்களுக்கு இது பெரிய வரவு.

அக்டோபரில் குட்டிக்கு ஆறு, ஏழு மாதம் ஆகியிருக்கும். 350 கிலோவைத் தொட்டிருக்கும், நன்றாக வந்தது தாண்டியும் இருக்கும். வியாபாரி வருவார். அவர் குட்டியின் முகத்தைப் பார்ப்பதேயில்லை. நேரே பின்னால் போய் நின்று, முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் சதை மேடிட்டு நடுவில் வாய்க்கால் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். வால் அடியில் கை வைத்து ஒரு அழுத்து. அவ்வளவுதான், மனசுக்குள் விலை போட்டாகிவிட்டது. பிறகு அரை மணி நேரம் காலநிலை பற்றிப் பேசுவது வெறும் மரியாதைக்கு.

வாங்கும் குட்டிகள் பெரும்பாலும் இத்தாலிக்குப் போகின்றன. வெனெத்தோவிலும் புல்யாவிலும் குதிரைக்கறி இன்னமும் வீட்டுச் சமையல். அங்கே சில மாதம் கொழுக்கவைத்து வெட்டுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சுக்காரர் சாப்பிடுகிற கொஞ்சநஞ்சக் குதிரைக்கறி, வயது வந்த குதிரையின் கருஞ்சிவப்புக் கறி. அதில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. இங்கே வளரும் இளங்குட்டியின் வெளிர்ந்த கறி இத்தாலியருக்குப் பிடிக்கும், இங்கே எடுபடாது. வளர்ப்பவன் ஒரு நாடு, தின்பவன் இன்னொரு நாடு. அதனால் அங்கே விலை இறங்கினால் எங்களுக்குப் பேரம் பேச இடமே இல்லை. குட்டி வழியின் உண்மையான பலவீனம் இது. உயிரோடு அவ்வளவு தூரம் லாரியில் அனுப்புவது பற்றி விலங்குநலக்காரர்கள் சொல்லும் குறையும் நியாயமானது. அதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது.

பிரான்சில் குதிரைக்கறி விற்பனைக்கு 1866-இல் சட்ட அனுமதி கிடைத்தது, 1870-இல் பிரஷ்யப் படை முற்றுகையிட்டபோது பாரிஸ் அதைத் தின்றே தாக்குப்பிடித்தது. இன்று குதிரைக்கறிக் கடைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. 2013-இல் மாட்டுக்கறி என்று லேபிள் ஒட்டிய லசான்யா என்ற இத்தாலிய உணவில் குதிரைக்கறி அகப்பட்டபோது ஐரோப்பா முழுக்க அமளி. அங்கே குற்றம் மோசடி, கறியின்மேல் இல்லை. ஆனாலும் பெயர் கெட்டது கெட்டதுதான். ருசியா? கொழுப்பு குறைவு, லேசாக இனிக்கும். எனக்கு ஆட்டுக்கறி போதும்.

குட்டி என்றால் எல்லாமே கறி என்பதும் சரியில்லை. நல்ல பெட்டைக்குட்டியை யாரும் லாரியில் ஏற்றமாட்டார்கள். மேஷ் என்ற சிற்றூரில் செப்டம்பரில் கோந்த்வா இனத்துக்கான தேசியப் போட்டி நடக்கும். அங்கே நல்ல பெயர் வாங்கினால் இனப்பெருக்கத்துக்குப் போகும், விலையே வேறு. சாதுவான ஆண்குட்டியைக் காயடித்து வண்டிக்கும் திராட்சைத் தோட்ட உழவுக்கும் காட்டில் மரம் இழுக்கவும் பழக்கி வாங்குபவர்கள் உண்டு. ஆக ஒரு குட்டிக்கு மூன்று கதவு திறந்திருக்கிறது, கறி அதில் கடைசிக் கதவு. எண்ணிக்கையில் பார்த்தால் அதுதான் பெரிய கதவு, அதையும் சொல்லவேண்டும்.

இனி கடவுச்சீட்டு. குதிரை மனித உணவுக்கு உரியதா இல்லையா என்று அதில் ஒரு பக்கம் இருக்கிறது. ஃபினைல்பியூட்டசோன் என்ற வலிமருந்தை ஒரு தடவை கொடுத்துவிட்டால் அந்தக் குதிரை ஆயுளுக்கும் உணவுச் சங்கிலியிலிருந்து வெளியே. வேறு சில அவசிய மருந்துகளுக்கு ஆறு மாதக் காத்திருப்பு. ஆகவே குளம்பு வீங்கி நொண்டும் பெட்டையின் பக்கத்தில் நின்றுகொண்டு கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது, ‘இது கறிக்கா?’ என்றுதான். பால் விற்றாலும் மருந்துக்குப் பின் காத்திருப்பு உண்டு, உணவு உணவுதான். இந்த விஷயத்தில் எந்த வழிக்கும் சலுகை இல்லை.

சரி, கறவைக்கு வருவோம். பாலைக் குறை சொல்ல எதுவுமில்லை. நீர்த்த வெள்ளை, லேசான நீலம் ஓடும், பசும்பாலைவிட இனிப்பு. கொழுப்பு ஒன்று, ஒன்றரை சதவீதம்தான், சர்க்கரை ஆறுக்கு மேல். தாய்ப்பாலுக்கு நெருக்கமான சேர்மானம். நம் ஊரில் தெருவில் கழுதையை ஓட்டிவந்து, கறந்த பாலைச் சங்கில் ஊற்றிக் குழந்தைக்குப் புகட்டச் சொல்லி விற்பார்களே, அதற்குச் சொந்தக்காரப் பால்தான் இது. மத்திய ஆசியாவில் இதைப் புளிக்கவைத்துக் குமிஸ் ஆக்குகிறார்கள். 1901-இல் ரஷ்ய எழுத்தாளர் செகாவ் காசநோய்க்கு மருந்தாகக் குமிஸ் குடிப்பதற்கென்றே கல்யாணமான கையோடு ரஷ்யாவின் உஃபா பக்கம் போய்த் தங்கினார். காசநோய் அதனால் குணமாகவில்லை. பின்னாளில் சோவியத் குமிஸ் பண்ணைகளில் ரஷ்யப் பாரக்குதிரைகளையே கட்டிக் கறந்தார்கள். காரணம் எளிது: பெரிய உடம்பு, பெரிய சுரப்பு. ஒரு பாரப்பெட்டை நாளுக்கு 15 லிட்டருக்கு மேல் சுரக்கும்.

அந்த 15 லிட்டரைப் பார்த்துத்தான் ஆசை வரும். அது மடியில் சேர்ந்து நிற்காது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மாட்டின் மடி பாலைச் சேர்த்து வைக்கும், காலை மாலை இரண்டு தடவை கறந்தால் போதும். குதிரையின் மடியில் தேங்குவது இரண்டு லிட்டர் சுமார். குட்டி பத்துத் தடவை, இருபது தடவை வந்து முட்டிக் குடிப்பதற்கென்றே அமைந்த மடி. ஆகவே கறப்பவரும் இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை வந்தாக வேண்டும். தவறினால் மடி நிறைந்து சுரப்பு மட்டுப்படும்.

அதுவும் குட்டி கண்ணெதிரே இருந்தால்தான். தோழி வீட்டில் ஒரு கறவையைச் சொல்கிறேன். காலையில் குட்டிகளைப் பிரித்துத் தடுப்புக்கு அப்பால் விட்டிருப்பாள், ஆனால் தாய்க்குத் தெரிகிற மாதிரி. பெட்டையை மரச்சட்டத்துக்குள் நிறுத்தி, அதன் குட்டியைக் கழுத்துக்கயிற்றோடு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது அவள் மகனின் வேலை. தாய் தலையைத் தாழ்த்திக் குட்டியின் பிடரியை மோந்துகொண்டிருக்கும்போதே இவள் தொடைகளுக்கு நடுவே கை விட்டு இரண்டு காம்பிலும் கறவைக் குழலை மாட்டிவிடுவாள். சில நொடி ஒன்றும் வராது. காது பின்னுக்குச் சாயும், வால் ஒருமுறை வீசும். திடீரென்று குழலில் சரசரவென்று இறங்கும். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம், முடிந்தது. கண்ணாடிக் குடுவையில் ஒரு லிட்டர் சொச்சம். அதற்குள் குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு மகனின் பூட்ஸை மிதித்திருக்கும். அடுத்த பெட்டை. எல்லாவற்றையும் முடித்து, குழல்களைக் கழுவி, பாலை வடிகட்டிக் குளிர்வித்து உட்கார்ந்தால் முதல் பெட்டையின் நேரம் மறுபடி நெருங்கிவிடும். சாயங்காலம் குட்டிகளை அவிழ்த்துவிட்டால் இரவுப்பால் முழுக்க அவற்றுக்கு.

இப்படி ஒரு பெட்டையிடம் பகலில் கிடைப்பது சில லிட்டர்தான். பிறந்த குட்டி கொஞ்சம் தேறும்வரை கறக்கக்கூடாது, இலையுதிர் காலத்தில் சுரப்பு தானே குறையும். இடையில் இருக்கும் மாதங்கள்தான் வருமானம். பெட்டைக்குத் தீனியும் கூட வைக்கவேண்டும்.

எங்கள் கணக்கு உடைந்த இடம் இதுதான். கோந்தே விதிப்படி மாடுகளைக் காலையும் மாலையும் கறந்தாகவேண்டும், ரோபோ வைக்க அனுமதி கிடையாது. ஐந்து மணிக்கு எழுந்து மாடு, நடுவில் நான்கு தடவை குதிரை, சாயங்காலம் மறுபடி மாடு. வைக்கோலும் புல்லும் அறுத்துச் சேர்க்கிற ஜூன், ஜூலையில்தான் குதிரைப்பாலும் உச்சத்தில் இருக்கும். ஒரு ஆள் போட்டால்? போட்ட சம்பளத்துக்குப் பால் போதவில்லை. எத்தனை விதமாகக் கூட்டினாலும் போதவில்லை.

அடுத்த சங்கடம் விற்பனை. பசும்பாலுக்குக் கூட்டுறவு வண்டி வாசலுக்கு வருகிறது. குதிரைப்பாலுக்கு யாரும் வரமாட்டார்கள், பாட்டில் பாட்டிலாக நாமே விற்கவேண்டும். கட்டியாக உறையாத பால் என்பதால் பாலாடைக்கட்டியாக்கி நிலவறையில் வைத்துக்கொள்ளவும் முடியாது. குளிரில் பனிக்கட்டியாக்கலாம், உலர்த்திப் பொடியாக்கலாம், புளிக்கவைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் இயந்திரமும் மின்கட்டணமும். லிட்டர் விலை பசும்பாலைவிடப் பல மடங்கு என்பது உண்மை, அந்த விலையில் பாதி வேலை கறவைக்கு அப்பால் இருக்கிறது. தோல் நோய்க்கு நல்லது என்று நம்பி வாங்குகிறவர்கள்தான் தோழியின் வாடிக்கையாளரில் பாதி. அவள் பாட்டிலில் எந்த நோயின் பெயரையும் எழுதுவதில்லை, எழுதவும் சட்டம் விடாது.

கறவைதான் சாத்வீக வழி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. பால் வேண்டுமானால் ஆண்டுதோறும் குட்டி வேண்டும். குட்டிகளில் பாதி ஆண். பருவம் முடிந்ததும் அவை எங்கே போகும்? தோழி வீட்டுக்கும் அதே வியாபாரிதான் வருகிறார், அதே மாதிரி பின்னால் போய் நிற்கிறார். தாயின் பாலில் ஒரு பங்கை மனிதர் குடித்துவிட்டதால் குட்டி எடை குறைவு, விலையும் குறைவு. தோழி இதை மறைப்பதில்லை. கேட்பவரிடம் சொல்கிறாள், கேட்காதவரிடம் வலியப் போய்ச் சொல்வதுமில்லை. நான் அவள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

யாருக்குக் கறவை சரிப்படும் என்று கேட்டால்: மாடு இல்லாத வீடு, பகல் முழுக்க இரண்டு பேர் வீட்டில், உல்லாசப்பயணிகள் போகும் சாலையோரம், உதைக்காத மூன்று நான்கு பெட்டை. அப்படி இருந்தால் ஒரு பெட்டையால் கிடைக்கும் வரவு எங்களுடையதைவிட நிச்சயம் கூடுதல், இதில் எனக்குச் சந்தேகமில்லை. தோழி வீட்டில் இவை எல்லாமே இருக்கின்றன, நடத்துகிறாள். எங்களுக்கு இருப்பது நிலமும் மாடும், மிச்ச நேரம் கிடையாது. எங்கள் நேரத்தைக் கேட்காமல் பெட்டைகளே வளர்க்கும் ஆறு குட்டிகள் எங்களுக்குப் பொருந்துகின்றன.

பனிக்கட்டியாக்கிய குதிரைப்பாலை வாசலில் வந்து எடுத்துக்கொள்ள ஒரு கூட்டுறவு கிளம்பினால் மறுபடி கணக்குப் போடத் தயார் என்கிறார் கணவர். அந்த ஐந்து மணி மாட்டை அப்போது யார் கறப்பது என்று கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுகிறார்.