எந்த மொழியைக் கற்கலாம், பர்மியமா, டோக்ரியா?

இரண்டுக்கும் வம்சத் தொடர்பே கிடையாது. பர்மியம் சீன-திபெத்தியக் குடும்பம். ஜம்மு வட்டாரத்து டோக்ரி, பஞ்சாபிக்கு நெருங்கிய இந்தோ-ஆரிய மொழி. ஆனாலும் இரண்டிலும் தொனி உண்டு, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருளே மாறும். சுவாரசியமே அங்குதான்.

பர்மியத்தில் 'கா' என்பதைத் தாழ்த்திச் சொன்னால் உலுக்குவது, உயர்த்தி இழுத்தால் கசப்பது, தொண்டையை இறுக்கிச் சட்டென நிறுத்தினால் கட்டணம். தொனியை விட்டால் பேச்சே இல்லை. டோக்ரியில் தொனி வந்த வழி வேறு. குதிரையைக் குறிக்கும் 'கோடா'வை இந்திக்காரர் மூச்சை அழுத்திச் சொல்வார். டோக்ரிக்காரர் எழுதுவதும் அதே எழுத்துதான். சொல்லும்போது அந்த மூச்சு மறைந்து, குரல் தாழ்ந்துவிடும்.

எழுத்தில் பர்மியம் கொஞ்சம் படுத்தும். வட்டம் வட்டமாக அழகாக இருக்கும், ஆனால் எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று. டோக்ரி முன்பு டாக்ரி லிபியில் எழுதப்பட்டது, இப்போது தேவநாகரி.

இலக்கணத்தில் நிலைமை தலைகீழ். டோக்ரியில் ஆண்பால், பெண்பால் பார்த்து வினை மாறும். பர்மியத்தில் அந்தத் தொல்லை இல்லை. நம்மைப் போலவே வினை கடைசியில் வரும், உருபுகள் பின்னால் ஒட்டும். 'நான்' என்பதற்கு மட்டும் ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல்.

பர்மியம் மியான்மரின் ஆட்சிமொழி. டோக்ரி இந்திய அரசியலமைப்பின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் சேர்ந்ததே 2003-ல்தான். டோக்ரி படிக்கப் புத்தகம் தேடுவது சிரமம். இந்தி தெரிந்தால் டோக்ரி சீக்கிரம் வரும். தெரியாதவருக்கு என் ஓட்டு பர்மியத்துக்கு.