குரோட்டன்ஸ் கேட்டேன், வேண்டாம் என்றார்கள்: சுங்கை பூலோ நர்சரி விமர்சனம்

கோலாலம்பூரில் கொண்டோவுக்குள் (அடுக்குமாடி வீட்டுக்குள்) நிறமாக ஒரு செடி வைக்க ஆசைப்படுகிறவர்கள் ஆன்லைனில் தேடிக்கொண்டிருக்காமல் காரை நேராகப் பக்கத்திலிருக்கும் சுங்கை பூலோவுக்கு விடுங்கள். 1930இல் தொடங்கிய தொழுநோயாளிகள் குடியிருப்பில் இருந்தவர்கள் பிழைப்புக்குச் செடி வளர்த்து விற்ற இடம் அது, இன்றைக்கு வரிசையாக நர்சரிகள். நான் போனது அதில் நடுத்தரமான ஒன்று. பெயர்ப்பலகையே பாதி கொடிக்குள் மறைந்திருந்தது.

எனக்கு வேண்டியது குரோட்டன்ஸ். மஞ்சளும் சிவப்புமாக அத்தனை நிறம், யாருக்குத்தான் பிடிக்காது. அங்கே வேலை செய்கிற அக்கா முதலில் விலையைச் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார்: "வீடு எத்தனாவது மாடி தம்பி? ஜன்னல் எந்தப் பக்கம்?" ஹாலுக்குள் வைக்கப் போகிறேன் என்றதும், "அப்ப இது வேணாம் லா, வெயில் இல்லாட்டி கீழ் இலையெல்லாம் கொட்டிரும், அப்புறம் பச்சையாத்தான் வரும்" என்று பக்கத்து வரிசைக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கே இருந்தது சிவப்பு அக்லோனிமா, இந்தோனேசியர்கள் ஸ்ரீ ரெஜெக்கி என்று சொல்வது. கையில் இருக்கும் வியாபாரத்தை விட்டுவிட்டுச் சரியான செடியைக் காட்டுகிற கடைக்கு நான் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவேன். நான் போனபோது சின்னச் சாடி 18 வெள்ளி (ரிங்கிட்), பெரியது 40க்கு மேல்.

இந்தச் சிவப்புக்கு ஒரு கதை உண்டு. பழைய அக்லோனிமா பெரும்பாலும் பச்சையும் வெள்ளி நிறமும்தான். இந்தோனேசியாவில் புதுச் செடி வகைகளை உருவாக்கும் கிரெகோரி ஹம்பாலி 1980களில் சுமத்ராவின் ரொட்டுண்டம் என்ற வகையை இன்னொன்றோடு கலந்து 'பிரைட் ஆஃப் சுமத்ரா'வை உருவாக்கிய பிறகுதான் சிவப்பு வகைகள் பெருகின. ஆனால் ஒன்று, நிறம் கூடக்கூட இலையில் பச்சையம் குறைவு, அதனால் சிவப்பு வகைக்குப் பச்சை வகையைவிட வெளிச்சம் கூடுதலாக வேண்டும். மூலையில் தள்ளிவிட்டால் புது இலை மங்கலாகத்தான் வரும். "இருட்டிலும் வளரும்" என்று எழுதி விற்கிறார்களே, அது பச்சை வகைக்கு ஓரளவு பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

வெளிச்சம் என்றதும் யூடியூபில் தெற்கு ஜன்னல் என்பார்கள். குளிர் நாட்டுக் கணக்கு அது. நாம் பூமத்திய ரேகைக்கு 3 டிகிரி வடக்கே இருக்கிறோம், சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே போகிறது, இங்கே பார்க்க வேண்டியது கிழக்கும் மேற்கும்தான். கிழக்கு ஜன்னல் அருமை. மேற்கு என்றால் மெல்லிய திரை கட்டாயம், மாலை வெயில் நேராகப் பட்டால் இலை வெளுத்துக் கருகிவிடும். ஏர்கோன் காற்று செடிமேல் நேராக அடிக்கிற இடமும் ஆகாது.

குறை என்று சொன்னால் மண். சாடியில் இருப்பது பெரும்பாலும் தேங்காய் நார். நிழலுக்குக் கட்டிய கறுப்பு வலைக்குக் கீழே காற்றோட்டமாக இருக்கிற நர்சரிக்கு அது சரி, கொண்டோ ஹாலில் நாள்கணக்கில் ஈரம் காயாமல் வேர் அழுகும். இதை நான் கேட்ட பிறகுதான் அக்கா சொன்னார், கூடவே உமிக்கரியும் பெர்லைட்டும் (மண்ணை லேசாக்கும் வெள்ளைத் துகள்) கலந்த ஒரு மூட்டையை எடுத்து நீட்டினார். விற்பனைத் தந்திரமோ இல்லையோ, கலவை நன்றாகத்தான் இருந்தது, மாற்றி நட்ட பிறகு செடி தளதளவென்று இருக்கிறது. விரலை விட்டுப் பார்த்து மேல் மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், வடிந்ததும் சாடிக்கு அடியில் உள்ள தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டே போதும். சுகாதார இலாகாவினர் வந்தால் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

வீட்டில் பூனையோ தவழும் பிள்ளையோ இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். இது சேப்பங்கிழங்குக் குடும்பம், கிழங்கை நறுக்கும்போது கை அரிக்குமே, அந்த கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் இதன் சாற்றிலும். கடித்தால் வாய் எரிந்து வீங்கும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

முன்பு ஆன்லைன் கடை ஒன்றில் இதே வகையை வாங்கியிருக்கிறேன். படத்தில் ரத்தச் சிவப்பு, பெட்டியைத் திறந்தால் வெளிறிய இளஞ்சிவப்பு, தண்டின் இடுக்கில் மாவுப்பூச்சி வேறு. கேட்டதற்கு "லைட்டிங் வித்தியாசம்" என்று பதில். நேரில் போனால் இலையைத் திருப்பிப் பார்த்து வாங்கலாம், அதற்காகவே பெட்ரோல் செலவு தகும்.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கார் நிறுத்த இடம் கிடைக்காது, அந்த அக்காவுக்கும் பேச நேரம் இருக்காது. காசு கட்டும் இடத்தில் இலை பளபளக்க ஸ்ப்ரே ஒன்றை நீட்டுவார்கள், வாங்க வேண்டாம், ஈரத் துணி போதும்.