கிரியேட்டின்: கபடி ஆட்டக்காரர் ஒருவரின் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

சில ஆண்டுகளாகத் தினமும் கிரியேட்டின் எடுத்துக்கொண்டு கபடி ஆடி வருகிறேன். தசைக்கு உடனடி ஆற்றல் கிடைக்க உதவும் இந்தப் பொருள் உடலிலும் இறைச்சி, மீனிலும் இயல்பாகவே உண்டு; தூளாகவும் விற்கப்படுகிறது. நான் பயன்படுத்துவது வேறு எதுவும் கலக்காத கிரியேட்டின் மோனோஹைட்ரேட். அளவு நாளொன்றுக்கு 5 கிராம். குளிர்ந்த நீரில் போட்டால் மணலைப் போல டம்ளரின் அடியில் தங்கிவிடும் என்பதால் வெதுவெதுப்பான நீரில் கலக்கிக் குடிப்பது வழக்கம். முதல் வாரத்தில் நாளுக்கு 20 கிராம் எடுக்கும் முறையும் உண்டு. அது வயிற்றைக் கெடுக்கக்கூடும். பொறுமையிருந்தால், அன்றாட அளவிலேயே நான்கு வாரங்களில் தசைகளில் கிரியேட்டின் நிரம்பிவிடும்.

ரெய்டுக்கு 30 விநாடி இருந்தாலும், பாய்ந்து தொடுவதும் பிடியை உதறிக் கோட்டுக்குத் திரும்புவதும் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. அந்த நொடிகளில் செலவாகும் ஆற்றலை உடனுக்குடன் மீட்டுத் தருவது, கிரியேட்டின் தசையில் சேமிக்கப்படும் வடிவமான பாஸ்போகிரியேட்டின். என் முதல் ரெய்டின் வேகம் இதனால் கூடிவிடவில்லை. ஆனால் இரண்டாம் பாதியில் அடுத்தடுத்துப் பாடிப் போகும்போது கால்கள் முன்போலத் தளர்வதில்லை. இறைச்சியும் மீனும் உண்ணாதவர்களுக்குப் பலன் பெரும்பாலும் கூடுதலாகத் தெரியும். நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தசைக்குள் நீர் சேர்வதால் தொடக்கத்தில் ஓரிரு கிலோ ஏறும். ஆண்கள் கபடியின் 85 கிலோ எடை வரம்பின் விளிம்பில் நிற்கும் ஆட்டக்காரர் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். எடை பார்க்கும் நாளுக்காகத் தண்ணீரை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தானது. 1997இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் இறந்தபோது பழி முதலில் கிரியேட்டின் மீது விழுந்தாலும், எடையைக் குறைப்பதற்காக உடலை வற்றவைத்ததே காரணமென்று பின்னர் தெரியவந்தது.

பலரும் அஞ்சுவது சிறுநீரகத்தைப் பற்றித்தான். கிரியேட்டின் உடலில் சிதைந்து, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினைன் ஆவதால், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இரத்தப் பரிசோதனையில் அந்த எண் சற்று உயர்ந்து காட்டலாம். எனக்கும் அது மேல்வரம்பைத் தாண்டியே வந்தது. நான் எடுத்துக்கொள்வதைக் கேட்டறிந்த மருத்துவர், சிறுநீரகச் செயல்பாட்டைத் தசையளவைச் சாராமல் காட்டும் சிஸ்டாட்டின் சி என்ற இரத்தப் பரிசோதனையையும் செய்து பார்த்து, பாதிப்பில்லை என்று உறுதிசெய்தார். பரிசோதனைக்குப் போகும் எவரும் இதைச் சொல்லாமல் மறைக்கக் கூடாது. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் ஒப்புதலின்றி இதைத் தொடவே வேண்டாம்.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் கிரியேட்டின் இல்லை. என் உண்மையான கவலை டப்பாவில் வேறென்ன கலந்திருக்கிறது என்பதுதான், ஏனெனில் தடைசெய்யப்பட்ட பொருள் சிறிதளவு கலந்திருந்து பரிசோதனையில் சிக்கினாலும் பொறுப்பு ஆட்டக்காரரையே சேரும். ஆகவே தயாரிப்புத் தொகுதி (batch) வாரியாகச் சோதித்துச் சான்றளிக்கப்பட்டதை மட்டுமே வாங்குங்கள். ஜிம்மில் பிரித்துக் கொடுக்கும் பொட்டலத்தை எவ்வளவு நெருங்கியவர் நீட்டினாலும் வாங்காதீர்கள்.