கணக்குப் போடுவதா, உருட்டிப் பார்ப்பதா?

நிகழ்தகவில் எந்த முறையைப் பிடிப்பது என்று குழம்புகிறவர்களுக்காக, ஒரு பகடையை வைத்தே பார்த்துவிடலாம்.

வழி: கோட்பாட்டு முறையில் பகடையைத் தொடவே வேண்டாம். ஆறு முகம், அதில் ஒன்று 6, ஆக 6 விழும் வாய்ப்பு 1/6. பட்டறி முறையில் உருட்டித்தான் ஆக வேண்டும். 30 தடவையில் 8 முறை 6 விழுந்தால் 8/30, அதாவது 4/15.

உழைப்பு: முன்னதற்கு அரை நிமிடம். பின்னதற்குக் கை வலிக்கும்.

நம்பகம்: இங்கேதான் விஷயமே. 1/6 என்பது எல்லா முகமும் சமவாய்ப்புள்ளது என்று நம்பிச் சொல்வது. பகடையின் ஒரு மூலை தேய்ந்திருந்தால் அது பொய்த்துவிடும். 4/15 அந்தப் பகடையின் நிஜத்தைச் சொல்லலாம், வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். 30 உருட்டல் ரொம்பக் குறைவு. ஜான் கெர்ரிச் என்ற கணிதவியலாளர் இரண்டாம் உலகப் போரின்போது தடுப்பு முகாமில் இருந்தபடியே ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டினார். தலை விழுந்தது 5,067. அரைக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்! (பொறுமைக்கே தனி மதிப்பெண் தரலாம்.)

சரி, எதை எடுப்பது? சீரான நாணயம், பகடை, சீட்டுக்கட்டு என்றால் கோட்பாடு. பாட்டில் மூடியைச் சுண்டினால் குப்புற விழுமா, மல்லாந்து விழுமா என்றால், சுண்டித்தான் பார்க்க வேண்டும்.