பாங்காக்கா, ஹனோயா? குறைந்த செலவில் ஊர் சுற்றுகிறவருக்கு ஓர் ஒப்பீடு

காலை ஐந்தரை மணிக்கு வியட்நாம் தலைநகர் ஹனோயின் ஹோவான் கியம் ஏரிக்கரையில் நடப்பதற்கே இடம் பார்க்க வேண்டியிருக்கும். சிவப்பு விசிறியைச் சடக்கென்று விரித்து, சடக்கென்று மூடி, ஒரே தாளத்தில் உடற்பயிற்சி செய்யும் மூதாட்டிகள். சின்ன ஒலிபெருக்கியில் பாட்டு வைத்து ஜோடியாக நடனம் பழகும் ஓய்வுபெற்றவர்கள். இறகு கட்டிய சிறு வட்டைக் காலால் தட்டி, தரையில் விழாமல் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருக்கும் நடுவயதுக்காரர்கள். அதே நேரத்தில் பாங்காக்கின் காவ் சான் சாலையில், முந்தின இரவு மது ஊற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் வாளிகளைத் துப்புரவுப் பணியாளர்கள் கூட்டித் தள்ளிக்கொண்டிருப்பார்கள். கடைசிக் கூட்டம் அவர்களைத் தாண்டி விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்.

இரண்டு ஊரிலும் ஆறாறு நாட்கள், முதுகில் ஒரு பையோடு, பொதுப் படுக்கை அறைகளில் தங்கியிருக்கிறேன். எந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, வழக்கமாக எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்பதைத்தான். பணம், விசா, சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

போய்ச் சேரும் விஷயத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். சென்னையிலிருந்து பாங்காக்குக்கு நேரடி விமானம் உண்டு. ஹனோய்க்கு நான் பாங்காக் வழியாகத்தான் போனேன். வியட்நாமுக்கு இணையத்திலேயே மின்விசா எடுத்துவிடலாம். ஒரு முறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை தங்கலாம். தாய்லாந்தின் விசா விதி இந்தியர்களுக்கு அடிக்கடி மாறுகிறது, கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் தேவரும் அசுரரும் பாற்கடல் கடையும் பெரிய சிற்பம் ஒன்று நிற்கிறது. அங்கிருந்து எஸ்1 பஸ் 60 பாட் (தாய்லாந்து நாணயம்) வாங்கிக்கொண்டு காவ் சான் பகுதியில் இறக்கிவிடும். ஹனோயில் 86ஆம் எண் பஸ், 45,000 வியட்நாம் டாங்குக்குப் பழைய நகரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அந்தப் பூஜ்யங்களைக் கண்டு மலைக்க வேண்டாம். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. ஆனால் 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் நீல நிறம்தான். இரவு வெளிச்சத்தில் ஒன்றுக்கு ஒன்று மாறினால் இழப்பு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். இரண்டையும் தனித்தனிப் பையில் வையுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்களில், கண்ணைப் பறிக்கும் பிரம்மாண்டம் பாங்காக்கின் பக்கம்தான். முதலாம் ராமா மன்னர் 1782இல் தலைநகரை இங்கே அமைத்தபோது கட்டத் தொடங்கிய அரண்மனையும் அதற்குள் இருக்கும் மரகத புத்தர் கோயிலும் பார்த்தே ஆக வேண்டியவை. புத்தரின் உயரம் 66 சென்டிமீட்டர்தான். கோடை, மழை, குளிர் என்று பருவம் மாறும்போதெல்லாம் அவருக்கு உடையை மாற்றுகிறவர் மன்னரே. நுழைவுச்சீட்டு 500 பாட். குறைந்த செலவில் போகிறவருக்கு இது கனமான தொகை. முழங்காலும் தோளும் மூடிய உடை கட்டாயம். எட்டரை மணிக்குக் கதவு திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்து எதையும் நின்று பார்க்க விடாது.

அங்கே எனக்கு ஒரு கசப்பு நேர்ந்தது. அரண்மனைச் சுவரோரம் நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, இன்று காலை விசேஷ பூஜை, மதியம்தான் திறப்பார்கள், அதுவரை வேறு கோயில்களைப் பாருங்கள் என்று கனிவாகச் சொல்லி டுக்டுக் என்னும் ஓர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். வண்டி நின்ற இடம் ஒரு ரத்தினக்கடை. வாங்காமல் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அரண்மனை அன்று காலை முழுவதும் திறந்துதான் இருந்தது. வாசல்வரை போய்க் கண்ணால் பார்க்காமல், மூடியிருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அரண்மனையை விட என் மனத்தில் நின்றது பக்கத்திலிருக்கும் வாட் போ கோயில். சயன புத்தர் 46 மீட்டர் நீளம். அவருடைய உள்ளங்கால்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். முதுகுப் பக்கச் சுவரோரமாக 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒரு தட்டு நிறையச் சில்லறை வாங்கி, ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்கிறார்கள். பத்துப் பேர் ஒரே சமயத்தில் போட்டபோது, ஓட்டுக்கூரையில் மழை தொடங்குவது போல ஒரு ஓசை எழுந்தது. அங்கிருந்து படகுத்துறை ஐந்து நிமிட நடை. சில பாட் கொடுத்து அக்கரை போய், உடைந்த பீங்கான் துண்டுகளால் பூவேலை செய்த வாட் அருண் கோபுரத்தைத் தொட்டுப் பார்க்கலாம்.

தமிழர் தவறவிடக் கூடாத ஓர் இடமும் பாங்காக்கில் இருக்கிறது. நகரின் நடுவே சிவப்பு மரத்தூண்களோடு நிற்கும் ராட்சத ஊஞ்சலும் அதன் அருகிலுள்ள தேவஸ்தான் என்னும் பிராமணர் கோயிலும்தான் அவை. ஊஞ்சலாடும் சடங்கு 1930களில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் மார்கழி, தை மாதங்களை ஒட்டி வரும் அந்த விழாவுக்குப் பெயர் இன்றும் 'திரியம்பாவாய், திரிபாவாய்'. நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அப்படித் திரிந்திருக்கின்றன. மாணிக்கவாசகரின் வரிகளை, உச்சரிப்பு உருமாறிய நிலையில், தாய்லாந்தின் அரசவைப் பிராமணர்கள் தலைமுறை தலைமுறையாக ஓதி வருகிறார்கள். நான் போன நாளில் விழா இல்லை, கோயிலில் என்னைத் தவிர இரண்டு பேர்தான் இருந்தார்கள். அந்தத் தூண்களின் அடியில் நின்று, பள்ளியில் மனப்பாடம் செய்த 'ஆதியும் அந்தமும் இல்லா அரும்பெருஞ்சோதியை' ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். இரண்டு ஊர்ப் பயணத்திலும் என் கண் நிறைந்தது அந்த இடத்தில்தான். சிலோம் சாலை அருகே, தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் தாய்லாந்து மக்கள் வரிசையில் நின்று தேங்காயும் சாமந்தி மாலையும் வைப்பதையும் பாருங்கள்.

ஹனோயில் இத்தனை பொன் இல்லை. 1010இல் தலைநகரான அந்த ஊர் தன் பழமையைச் சத்தமில்லாமல் வைத்திருக்கிறது. 1070இல் சீன ஞானி கன்பூசியஸுக்காகக் கட்டிய வான் மியூ என்னும் இலக்கியக் கோயிலில், அரசுத் தேர்வில் தேறியவர்களின் பெயர் பொறித்த 82 கற்பலகைகளைக் கல் ஆமைகள் முதுகில் சுமந்து நிற்கின்றன. அரசரின் போர்வெற்றிக்கு உலகெங்கும் கல் நட்டிருக்கிறார்கள். படித்துத் தேறியவனுக்கு ஓர் அரசு கல் நட்ட இடம் இது. மாணவர்கள் ஆமைத் தலையைத் தடவித் தடவித் தேய்த்துவிட்டதால் இப்போது தடுப்பு போட்டிருக்கிறார்கள். கட்டணம் 70,000 டாங், அரண்மனைச் சீட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமியப் போராளிகளை அடைத்த ஹோவா லோ சிறையையும் விடாதீர்கள். கால் விலங்கு பூட்டிய மேடைகளும் தலைவெட்டும் இயந்திரமான கில்லட்டினும் அப்படியே இருக்கின்றன. வியட்நாமின் விடுதலைத் தலைவர் ஹோ சி மின்னின் உடல் வைக்கப்பட்டிருக்கும் மண்டபம் காலையில் மட்டும்தான் திறக்கும், திங்களும் வெள்ளியும் விடுமுறை. இங்கும் விடியலில் எழுகிறவருக்கே லாபம்.

ஆனால் ஹனோயில் காசு கொடுத்துப் பார்த்தவற்றைவிட நடந்து பார்த்தவைதான் அதிகம். பழைய நகரத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் அங்கே விற்ற பொருளின் பெயர். ஹாங் பாக் என்றால் வெள்ளித் தெரு. இன்றும் அங்கே வெள்ளி வேலை செய்யும் தட்டார்கள் உண்டு. ஹாங் மா தெருவில், இறந்தவர்களுக்காக எரிக்கும் காகித வீடுகளும் காகிதச் சட்டைகளும் தொங்குகின்றன. 1902இல் முடிந்த லாங் பியன் பாலத்தில் சூரியன் எழும் நேரத்தில் நடந்தேன். நடுவில் ரயில், இருபுறமும் மோட்டார் சைக்கிள், கீழே சிவந்த ஆறு. அமெரிக்கக் குண்டுகள் உடைத்த இடங்களில் பாலத்தின் வடிவமே மாறியிருப்பதைக் கண்ணால் எண்ணலாம். வீடுகளை உரசிக்கொண்டு ரயில் போகும் அந்தப் புகழ்பெற்ற தெருவை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆபத்து என்று அரசே பலமுறை தடுப்பு வைத்த இடம் அது. ஒரு படத்துக்காகத் தண்டவாளத்தில் நிற்பது தகாது.

சாப்பாட்டில் என் ஓட்டு தயங்காமல் ஹனோய்க்கு. அங்கே ஒரு கடைக்கு ஒரு பண்டம்தான். காலையில் ஃபோ என்னும் நூடுல்ஸ் சாறு, நண்பகலில் பூன் சா. பதினொரு மணிக்கெல்லாம் நடைபாதையில் கரி அடுப்பு வைத்துப் பன்றிக்கறித் துண்டுகளைக் கம்பி வலையில் அடைத்து வாட்டத் தொடங்குகிறார்கள். ஒருவர் அடுப்பை விசிறிக்கொண்டே இருக்க, புகை தெருமுனைவரை வந்து ஆளை அழைக்கும். இனிப்பும் புளிப்பும் மீன்சாற்றின் உப்பும் கலந்த வெதுவெதுப்பான சாற்றில் கறி மிதக்கிறது. கூடவே நம் சேவை போன்ற அரிசி நூடுல்ஸ் ஒரு தட்டு, பச்சிலைகள் ஒரு கூடை. ஒவ்வொரு வாய்க்கும் இலையை மாற்றலாம், அதனால் கடைசி வாய்வரை சுவை அலுக்கவில்லை. 2016இல் ஒபாமா பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து உண்டதும் இதைத்தான். அந்த மேசையைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்கள். மீனை மஞ்சளில் ஊறவைத்துச் சதகுப்பைக் கீரையோடு மேசையிலேயே வதக்கித் தரும் சா கா, மஞ்சள் தடவிய மீனில் வளர்ந்த நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

முட்டைக் காபியைப் பற்றிச் சொல்லாமல் ஹனோயை முடிக்க முடியாது. 1946இல் பால் கிடைக்காத காலத்தில், மெட்ரோபோல் ஓட்டலில் வேலை பார்த்த ஒருவர் முட்டை மஞ்சள்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காபிமேல் ஊற்றிப் பார்த்தார். அவர் தொடங்கிய காஃபே ஸாங் இன்றும் ஒரு குறுகிய சந்துக்குள் நடக்கிறது. சின்னக் கோப்பையை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தித் தருகிறார்கள், நுரை ஆறிவிடக் கூடாதென்று. மேலே பாகு போன்ற இனிப்பு, அடியில் திக்கான கசப்பு. கலக்காமல் குடியுங்கள்.

பாங்காக்கில் சாப்பாடு குறைவு என்று சொல்லவில்லை. நாம் பூஜைக்கு வைக்கும் துளசியைப் பச்சைமிளகாயோடு கறியில் போட்டு வதக்கும் கப்ராவ், உரலில் இடித்துத் தரும் பப்பாளிக்காய் சோம் தாம், தேங்காய்ப்பால் ஊற்றிய மாம்பழச் சோறு எல்லாமே அருமை. இரவில் யாவராட் என்னும் சீனர் தெருவில் வாணலிகளிலிருந்து தீ எழும்பும் காட்சிக்காகவே போகலாம். காவ் சான் பகுதியில் மட்டும் சாப்பிடாதீர்கள், வெளிநாட்டு நாக்குக்காகக் காரத்தையும் புளிப்பையும் எடுத்துவிடுகிறார்கள். சைவ உணவு உண்கிறவர்களுக்குப் பாங்காக்தான் எளிது. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று கொடி கட்டிய கடையில் முட்டையும் மீன்சாறும் இருக்காது. ஹனோயில் சைவ உணவுக்கு 'ஆன் சாய்' என்று சொல்லிக் கேளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பௌத்தர்கள் பலர் சைவம் உண்பதால் அப்போது அதிகம் கிடைக்கும், மற்ற நாட்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இரவு என்று வந்தால் போட்டியே இல்லை, பாங்காக்தான். காவ் சான் என்றால் குத்திய அரிசி. ஒரு காலத்து அரிசிச் சந்தை இன்று காதடைக்கும் இசைத் தெரு. ஒரு முறை முழுக்க நடந்து பார்த்தால் போதும், பிறகு பக்கத்துத் தெருவான ராம்புத்ரியில் மரத்தடியில் உட்காருங்கள். எனக்குப் பிடித்த இரவு, வெற்றிச் சின்னத்தின் அருகில் 1987 முதல் நடக்கும் சாக்ஸஃபோன் என்ற இசை விடுதியில் கழிந்தது. மேடைக்கு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து நள்ளிரவுவரை ப்ளூஸ் இசை கேட்டேன், செலவு ஒரு பீரும் ஒரு தட்டுச் சோறும். பெண்களைக் காட்சிப்பொருளாக்கிப் பிழைக்கும் தெருக்களும் அந்த நகரத்தில் உண்டு. வேடிக்கை பார்க்கப் போவதும் அந்த வியாபாரத்துக்குத் துணைபோவதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கஞ்சா கடைப் பலகைகளையும் நம்ப வேண்டாம். 2022இல் தளர்த்திய சட்டத்தை 2025இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று இறுக்கிவிட்டார்கள்.

ஹனோயின் இரவு, தா ஹியன் தெருவில் முழங்கால் உயர முக்காலி போட்டு உட்கார்ந்து குடிக்கும் பியா ஹோய். தினமும் புதிதாக வடித்துப் பீப்பாயில் வரும் இலேசான பீர். உள்ளே காற்றுக்குமிழ் தெரியும் பச்சைநிறக் கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தருவார்கள். ஒரு குவளை நாற்பது ஐம்பது ரூபாய்க்குள். போலீஸ் வண்டி தெருமுனையில் தெரிந்ததும் கடைக்காரர் கைதட்டுகிறார். எல்லோரும் குவளையோடு எழுந்து சுவரோரம் ஒதுங்குகிறோம். முக்காலிகள் அடுக்கடுக்காய் உள்ளே போகின்றன. வண்டி போனதும் அதே வேகத்தில் திரும்பி வருகின்றன. ஆனால் நள்ளிரவோடு ஊர் அடங்கிவிடும், வார இறுதியில் இன்னும் கொஞ்சம் நீளும். வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை ஏரியைச் சுற்றி வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாகத் தெருவில் இறங்குகிறார்கள். எனக்கு அது போதும். விடிய விடிய ஆட விரும்பும் இருபத்திரண்டு வயதுக்குப் போதாது.

பத்து நாள் கிடைத்தால் இரண்டுக்கும் போங்கள், இடையில் விமானம் இரண்டு மணி நேரம்தான். பாங்காக் முதலில் என்றுதான் நான் போனேன். அங்கே பழகிய தூக்கத்தில், ஹனோயின் முதல் நாள் ஒன்பதரைக்கு எழுந்து விடுதிக்குக் கீழிருந்த ஃபோ கடைக்குப் போனேன். கடைக்காரப் பாட்டி காலிப் பானையைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஐந்து விரலை விரித்துக் காட்டிவிட்டு, மறுபடி பானையைத் தேய்க்கப் போய்விட்டார். மறுநாள் ஐந்தேகாலுக்கு நான் இறங்கியபோது எனக்கு முன்னால் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.