செய்திமடலுக்காகக் குறும்பதிவு எழுதிய அனுபவம்: எது வேலை செய்கிறது?

செய்திமடல் தொடங்கும் எவருக்கும் கிடைக்கும் முதல் அறிவுரை, "தினமும் சமூக வலைதளத்தில் நாலு வரி எழுதுங்கள், சந்தாதாரர்கள் தானாக வருவார்கள்" என்பதுதான். சில வருடங்களாக இதைச் செய்து வருகிறேன். வருகிறார்கள், ஆனால் எல்லா நாலு வரிக்கும் வருவதில்லை.

லைக்கை அள்ளும் பதிவு வேறு, சந்தாவைக் கொண்டுவரும் பதிவு வேறு. அன்றைய பரபரப்பைப் பற்றிய நக்கல் எங்கெங்கோ பரவும். படித்தவர் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். மடலில் இருக்கும் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லிவிடும் பதிவுக்கு லைக் சுமார்தான். ஆனால் மின்னஞ்சல் முகவரி கொடுப்பவர்களில் பெரும்பாலோர் அதைப் படித்துவிட்டு வருபவர்களே. லிங்கின் கடைசியில் யுடிஎம் குறி எனப்படும் அடையாளச் சொற்களைச் சேர்த்து வைத்தால், வந்தவர்கள் எந்தப் பதிவிலிருந்து வந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

முழுசாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். "காரணம் இந்த வார மடலில்" என்று பாதியில் நிறுத்தும் தூண்டில் பதிவுகளுக்கும் ஆள் வருவதுண்டு. அந்த ஒரு காரணத்தைத் தெரிந்துகொண்டதும் சந்தாவை ரத்து செய்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

லிங்க் ஒரு தனித் தலைவலி. தங்கள் தளத்தைவிட்டு வாசகர் வெளியே போவதை எந்த நிறுவனம் விரும்பும்? 2023 ஏப்ரலில் சப்ஸ்டாக் என்ற மடல் சேவை, ட்விட்டர் போலக் குறும்பதிவு போடும் நோட்ஸ் வசதியை அறிவித்த கையோடு, சப்ஸ்டாக் லிங்க் உள்ள ட்வீட்களுக்கு லைக்கோ மறுபகிர்வோ போட முடியாதபடி ட்விட்டர் சில நாள் தடுத்தே வைத்திருந்தது. நான் பதிவில் விஷயத்தை மட்டும் எழுதி, லிங்கை முதல் மறுமொழியில் போடுகிறேன். சுயவிவரத்திலும் ஒரு லிங்க் உண்டு. பதிவு பிடித்தவர் முதலில் அங்கேதான் போய்ப் பார்க்கிறார். அதனால் மடல் எதைப் பற்றியது, எப்போது வரும் என்பது அங்கே ஒரே வரியில் இருக்க வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தின் 280 எழுத்து வரம்பில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்காகும். "தமிழ்" என்பதற்கே ஐந்து போய்விடும். அதைப் போன்ற இன்னொரு குறும்பதிவுத் தளமான புளூஸ்கை கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிறது, அங்கே அது மூன்றுதான். வரம்பும் 300. ஒரே பதிவை இரண்டு இடத்திலும் ஒட்டாமல், புளூஸ்கையில் கூடுதலாக ஒரு உதாரணம் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒன்றன்கீழ் ஒன்றாகப் பத்துப் பதிவு நீளும் இழைகளை (த்ரெட்) எழுதுவதை விட்டுவிட்டேன். அவ்வளவு உழைப்பு இருந்தால் அதை மடலிலேயே போடலாம்.

அப்புறம், பலன் பார்க்கும்போது திறப்பு விகிதத்தை, அதாவது மடலைத் திறந்தவர்களின் சதவீதத்தை, நம்பாதீர்கள். மடலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, மடலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிக்கொள்வதால், படிக்காதவரும் திறந்தவராகத் தெரிவார். நான் பார்ப்பது லிங்க் சொடுக்குகளையும், மடலுக்கு வரும் பதில்களையும்தான்.

முகவரிப் பட்டியலை மாதம் ஒருமுறை சிஎஸ்வி கோப்பாக (எக்செல் போன்ற செயலியில் திறக்கக்கூடிய பட்டியல்) இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ட்விட்டர் வாங்கிய ரெவ்யூ என்ற மடல் சேவை 2023 ஜனவரியில் மூடப்பட்டது. பட்டியலைக் கையில் வைத்திருந்தவர்கள் வேறு சேவைக்கு மாறித் தொடர்ந்து அனுப்ப முடிந்தது. சமூக வலைதளத்தில் பின்தொடர்பவர்களை இப்படி மின்னஞ்சல் பட்டியலாக இறக்கிக்கொள்ள வழியில்லை.