அப்பாவின் நெஞ்சுவலியும் ஜார்ஜ்டவுன் இதய கிளினிக்கும்

அப்பாவுக்கு 64 வயது. பினாங்கு கொடிமலை அடிவாரத்தில் நடந்தால் நெஞ்சு அழுத்துகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. முதலில் போன தனியார் மருத்துவமனையில் இசிஜி பார்த்த கையோடு, "நாளைக்கே ஆஞ்சியோகிராம், அடைப்பு இருந்தால் ஸ்டென்ட்" என்றார்கள். அதாவது குழாய் விட்டு இதய ரத்தக்குழாயைப் பார்ப்பது, அடைத்திருந்தால் வலைக்குழல் வைத்துத் திறப்பது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஜார்ஜ்டவுனில் இன்னொரு இதய நிபுணரிடம் அழைத்துப் போனேன். முக்கால் மணி நேரம் பேசினார். "ஐயா, சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலித்தால் உடனே எமர்ஜென்சி, அது வேறு கதை. நடக்கும்போது மட்டும் வருவதற்கு யோசிக்க நேரம் இருக்கிறது" என்றார். 2020ல் வெளியான இஸ்கீமியா ஆய்வையும் விளக்கினார். 5,179 நோயாளிகள், நிலையான இதயநோயில் (திடீரென மோசமாகாத வகை), முதலில் மருந்து மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், மருந்தோடு உடனே ஆஞ்சியோகிராமும் ஸ்டென்ட் அல்லது பைபாஸும் செய்ததால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை. அடிக்கடி வலி வந்தவர்களுக்கு வலி குறைந்தது, அதுவும் பெரிய விஷயம்தான். இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது பிரதானக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்க்க வேண்டும் என்று சிடி ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன், எடுத்தார். அங்கே அடைப்பு இல்லை. இப்போது மாத்திரை, மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

ஒரே நெஞ்சு, இரண்டு டாக்டர், இரண்டு வழி. காரணத்தைச் சொன்னவரைத்தான் நான் நம்புகிறேன். இந்த கிளினிக்கில் காத்திருப்பு இரண்டு மணி நேரம், கார் நிறுத்த இடமில்லை. கிராப் வாடகைக் காரில் போங்கள்.